கிட்டாரையும் பல்லைப் பிடித்துப் பாருங்க... மாட்டுத்தாவணி சொல்லித்தரும் பாடம்!

விடிகாலையில் மதுரை மாட்டுத்தாவணியில் வந்து இறங்குகிறவர்களின் தூக்கத்தைக் கலைப்பவை இரண்டு. ஒன்று, “திருநெல்வேலி, நாகர்கோவில்... ஏறு, ஏறு!” என்கிற கண்டக்டர் குரல். இன்னொன்று, காற்றோடு வரும் மல்லிகை வாசம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே பூ மார்க்கெட். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்கும் நேரம் அது.

அங்கே ஐந்து நிமிஷம் நின்று வேடிக்கை பாருங்கள். வியாபாரி விலையைச் சொல்லி முடிப்பதற்குள், வாங்க வந்தவரின் கை சாக்குக்குள் போயிருக்கும். ஒரு பிடி மொட்டை அள்ளி, உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். இன்றைக்குப் பறித்ததா, நேற்றையதா, மொட்டு விரிய ஆரம்பித்துவிட்டதா... எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். மதுரை மல்லி 2013-லேயே புவிசார் குறியீடு வாங்கிய பூ. உலகம் முழுக்கப் பெயர் இருந்தாலும், தொட்டுப் பார்க்காமல் இங்கே யாரும் வாங்குவதில்லை.

காய்கறி மார்க்கெட்டிலும் அதே கதைதான். வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். தேங்காய் என்றால் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள்.

இந்த ஊர்ப்பெயரே அப்படிப்பட்டதுதான். ‘தாவணி’ என்றதும் பாவாடை தாவணிதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால், மாடுகளை வரிசையாகக் கட்டிவைக்கும் நீளக் கயிற்றுக்கும் தாவணி என்றுதான் பெயர். மாடுகளை அப்படிக் கட்டி விற்கும் சந்தையும் ‘மாட்டுத்தாவணி’ ஆனது. எம்.ஜி.ஆர் பஸ் ஸ்டாண்ட் 1999-ல் வந்த பிறகும், பஸ்ஸின் போர்டிலும் மக்கள் வாயிலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

மாட்டுச் சந்தையின் முதல் பாடம், பல்லைப் பிடித்துப் பார்ப்பது. இரண்டு பல்லா, நாலு பல்லா, எட்டும் முளைத்துவிட்டதா என்று பார்த்தால் மாட்டின் வயது தெரிந்துவிடும். பிறகு நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். மாடு பற்றித் தெரியாதவர், விஷயம் தெரிந்த ஒருவரைக் கூடவே கூட்டிவருவார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

‘சரி, தலைப்பில் கிட்டார் என்று போட்டுவிட்டு மாடு, மல்லி என்று சுத்துறீங்களே’ என்கிறீர்களா? விஷயம் இருக்கிறது. இதே பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கு முதுகில் கறுப்புப் பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். பைக்குள் கிட்டார். மேலூர், சிவகங்கை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று இங்கிருந்து பஸ் போகும் ஊர்களில் எல்லாம் கிட்டார் ஆசை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பலரின் முதல் கிட்டார், யாரும் தொட்டுப் பார்க்காமல் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியதாகத்தான் இருக்கும்.

பீரோ மேல் தூங்கும் கிட்டார்

“ஆசையா கேட்டான்னு வாங்கிக் குடுத்தோம். ஒரு மாசம் வாசிச்சான். அப்புறம் பீரோ மேல போட்டுட்டான்.” கிட்டார் வாங்கிய பல வீடுகளில் இந்த வசனத்தைக் கேட்கலாம். பழி எப்போதும் பிள்ளை மேல்தான் விழும். பிள்ளையும் ‘நமக்கு மியூசிக் வராது போல’ என்று முடிவு கட்டிவிடும்.

உண்மையில், பல நேரம் குற்றவாளி அந்தக் கிட்டாராகவே இருக்கும்.

கிட்டார் கற்க ஆரம்பிக்கும் எல்லோருக்கும் முதல் சில வாரங்கள் விரல் நுனி வலிக்கத்தான் செய்யும். தோல் காய்த்துப்போன பிறகு சரியாகிவிடும். ஆனால், கம்பி தேவைக்கு மேல் உயரத்தில் நிற்கும் கிட்டாரில், எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் தெளிவாக வராது. வலி மட்டும் இரட்டிப்பாகும். பத்து வருஷம் வாசித்தவர், எடுத்த எடுப்பிலேயே ‘இது கிட்டாரோட கோளாறு’ என்று சொல்லிவிடுவார். நேற்று ஆரம்பித்த பிள்ளைக்கு அது தெரியாது. கோளாறு கிட்டாரிலா, தன் விரலிலா என்று பிரித்துப் பார்க்கும் அனுபவம் அதற்கு இல்லை.

அதனால்தான், வாசிக்கத் தெரிந்தவரைவிட வாசிக்கத் தெரியாதவருக்குத்தான் நேரில் பார்த்து வாங்குவது முக்கியம். ஆனால் நடப்பது தலைகீழ். ‘கத்துக்கத்தானே, எது வந்தா என்ன’ என்று முதல் கிட்டாரைத்தான் போனிலேயே ஆர்டர் போட்டுவிடுகிறோம்.

கிட்டார் இந்த மண்ணுக்கு ஒன்றும் அந்நியம் இல்லை. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டம். அவர் வளர்ந்த காலத்தில் அது மதுரை மாவட்டம்தான். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் அவர் தேறியதைத் தமிழ்நாடே அறியும். அவருடைய 100-வது படமான ‘மூடுபனி’ (1980) வந்து நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆகியும், அதில் பிரதாப் போத்தன் கிட்டாரோடு பாடும் பாட்டை வாசித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் பல பிள்ளைகள் இன்னமும் கிட்டாரைத் தூக்குகிறார்கள்.

ஒரே மாடல், வேற வேற குணம்

‘ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே விலை. கடையில் வாங்கினால் என்ன, ஆன்லைனில் வாங்கினால் என்ன?’ நியாயமான கேள்விதான். செல்போனுக்கு இது பொருந்தும். மரத்துக்குப் பொருந்தாது.

ஸ்டீல் கம்பி போட்ட சாதாரண அகௌஸ்டிக் கிட்டாரில், ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவர் அதன் கழுத்தைப் பிடித்து எந்நேரமும் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இழுப்பைத் தாங்கத்தான் கழுத்துக்குள் ‘டிரஸ் ராடு’ என்று ஓர் இரும்புக் கம்பி வைக்கிறார்கள். அப்படியும் மரம் கொஞ்சம் வளையும். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு கிட்டார்கள்கூட ஒரே மாதிரி வளைவதில்லை.

போதாததற்கு நம்ம ஊர் வெயில். கோடையில் மதுரை 40 டிகிரியைத் தொடும். காய்ந்த மரம் சுருங்கும். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகளின் (இவற்றுக்குப் பெயர் ஃப்ரெட்) முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். ஐப்பசி மழையில் அதே மரம் ஈரத்தை இழுத்து உப்பும். ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் என்றால் கடல் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வட மாநில கோடவுன் ஒன்றில் இருந்து கிளம்பி, லாரியில் வெயிலும் குலுக்கலுமாக வந்து சேரும் கிட்டார், கிளம்பியபோது இருந்தபடியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. கடையில் நாலு கிட்டாரைத் தொட்டு வாசித்துப் பார்ப்பது, வெளியே வந்ததும் 500 ரூபாய் குறைவு என்று அதே மாடலைப் போனில் ஆர்டர் போடுவது. சந்தையில் ஒரு மாட்டைப் பல் பிடித்துப் பார்த்துவிட்டு, வேறு மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற கதைதான் அது. நீங்கள் வாசித்துப் பார்த்த கிட்டார் கடைச் சுவரில் தொங்குகிறது. பெட்டியில் வருவது வேறு கிட்டார். கடைக்காரர் செலவழித்த அரை மணி நேரத்துக்கும் அர்த்தம் இல்லாமல் போகிறது.

பார்க்க வேண்டிய ஐந்து ‘பல்’

மாட்டுத்தாவணியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து ஊருக்குள் இருக்கும் இசைக்கருவிக் கடைக்குப் போகிறீர்கள். வாசிக்கவே தெரியாவிட்டாலும் இந்த ஐந்தையும் பார்க்கலாம்.

1. கம்பியின் உயரம்: ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் போதும். கிட்டார் தலையிலிருந்து எண்ணி 12-வது ஃப்ரெட்டில் (பெரும்பாலும் அங்கே இரண்டு புள்ளிகள் இருக்கும்) கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 2 முதல் 2.5 மி.மீ என்றால் நல்லது. 3 மி.மீ-க்கு மேல் போனால் குறைத்துத் தரச் சொல்லுங்கள். 4 மி.மீ-யைத் தொட்டால், அடுத்த கிட்டாரைப் பாருங்கள்.

2. கழுத்து: துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் நீளத்தைப் பாருங்கள். லேசான குழிவு இருக்கலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம்.

3. ஃப்ரெட் முனைகள்: கழுத்தின் இரண்டு ஓரங்களிலும் விரலை மேலும் கீழும் ஓட்டுங்கள். குத்தினாலோ கீறினாலோ, பிள்ளையின் கையையும் தினம் தினம் கீறும்.

4. ஒவ்வொரு கட்டையிலும் சத்தம்: ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டிப் பாருங்கள். ‘ஸ்ஸ்ர்ர்’ என்று இரைச்சல் வருகிறதா, அடுத்தடுத்த ஃப்ரெட்டில் ஒரே ஸ்வரம் வருகிறதா என்று கவனியுங்கள். ஐந்து நிமிஷ வேலைதான்.

5. சுருதி: போனில் இலவச டியூனர் ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். கம்பியைச் சும்மா மீட்டும்போது காட்டும் அதே எழுத்தைத்தான், 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும்போதும் அது காட்ட வேண்டும். முள் ரொம்பத் தள்ளிப்போனால், எவ்வளவு நன்றாக வாசித்தாலும் பாட்டு அபஸ்வரமாகத்தான் கேட்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு, “அண்ணே, டியூன் பண்ணி ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டுங்க” என்று கேளுங்கள். வாசிக்கத் தெரிந்தவர் கடையில் இருந்தால் சந்தோஷமாகவே வாசித்துக் காட்டுவார். பிறகு பிள்ளையின் மடியில் வைத்துப் பாருங்கள். கை கம்பியைச் சுற்றி எட்டுகிறதா, தோள் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்பதை எந்த வெப்சைட்டும் சொல்லாது. எட்டுப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு முக்கால் அளவுக் கிட்டார் போதும். விரல் மிருதுவாக இருந்தால் நைலான் கம்பிக் கிட்டார் நல்லது. அதன் கழுத்து கொஞ்சம் அகலமாக இருக்கும் என்பதையும் கையில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனும் தப்பில்லை... ஆனால்!

எல்லோருக்கும் பஸ் ஏறி மதுரைக்கு வரும் வசதி இருக்காது. சின்ன ஊர்க் கடைகளில் இரண்டு மூன்று கிட்டார்கள் மட்டும் தூசியோடு தொங்கும். இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்குக் கிட்டார் கேட்டால், பல கடைகளில் கையைத்தான் விரிப்பார்கள். ஒரு நாள் கூலியை இழந்து, இருவருக்கு பஸ் சார்ஜும் கொடுத்து வருவது எல்லாக் குடும்பத்துக்கும் சாத்தியம் இல்லை. அவர்களுக்கெல்லாம் 3,000 ரூபாய்க்குள் வீட்டு வாசலுக்கே வந்துசேரும் கிட்டார் ஒரு வரம்தான்.

அப்படி வாங்குகிறவர்கள், சந்தையை வீட்டுக்குள் நடத்திவிட வேண்டும். திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா, எத்தனை நாளைக்கு என்பதை ஆர்டர் போடும் முன்பே படித்துவிடுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வெட்டாமல், ஒட்டாமல் வீடியோ எடுங்கள். கம்பிகளைத் தளர்த்தித்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள். அதனால் வந்தவுடன் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். டியூன் செய்து ஒரு நாள் அப்படியே விடுங்கள். 70 கிலோ இழுப்பு ஏறிய பிறகுதான் கழுத்தின் நிஜ குணம் தெரியும். மறுநாள் அதே ஐந்து ‘பல்’லையும் பாருங்கள். அட்டைப்பெட்டியை அதுவரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கோளாறு என்றால் தயங்க வேண்டியதில்லை. 2020-ம் ஆண்டு வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகளின்படி, பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர்ப்பு அதிகாரி அதைப் பதிவு செய்ததைத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வும் சொல்ல வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

கம்பி உயரம் மட்டும்தான் பிரச்னை என்றால், பக்கத்து ஊர் இசைக்கருவிக் கடையில் கொஞ்சம் காசு கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். கம்பி உட்காரும் எலும்பு நிறத் துண்டைத் தேய்த்தே பாதிப் பிரச்னையைத் தீர்த்துவிடுவார்கள். அந்தச் செலவையும் கிட்டார் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதற்குப் பிறகும் ஆன்லைன் மலிவாக இருந்தால், தாராளமாக வாங்கலாம்.

பஸ்ஸில் ஏறும் முன்...

கடையிலேயே வாங்கிவிட்டீர்களா? மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது கிட்டாரை டிக்கியில் போட்டுவிடாதீர்கள். மத்தியான வெயிலில் அந்த இடம் அடுப்பு மாதிரி கொதிக்கும். பிரிட்ஜை ஒட்டியிருக்கும் பசையே இளகிவிடலாம். மேலே இருக்கும் லக்கேஜ் தட்டிலும் அது நிற்காது. மடியில் வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. பக்கத்து சீட்டுக்காரர் “என்னப்பா, வீணையா?” என்று கேட்பார். “கிட்டார் தாத்தா” என்று பிள்ளையே பெருமையாகப் பதில் சொல்லட்டும்.

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்பது பழமொழி. கிட்டார் தானமாக வந்ததில்லை. வீட்டில் யாரோ ஒருவர் உழைத்துச் சேர்த்த காசில் வந்தது. பல்லைப் பிடித்துப் பார்ப்பதில் ஒரு தப்பும் இல்லை.

கிட்டாரில் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டால், அப்புறம் பிள்ளையின் விரலும் நேரமும்தான். முதல் மாசம் வலிக்கிறது என்று சொன்னால், “எல்லாருக்கும் வலிக்கும்டா, கொஞ்ச நாள்ல சரியாகிடும்” என்று தைரியமாகச் சொல்லலாம். அந்த வார்த்தை உண்மையாக இருக்க வேண்டும் என்றால், வாங்கும்போது ஒருமுறை கை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான்!