புதுமனை புகுந்த பழந்தட்டு

இடம் பெயர்தல் உலகத்து இயற்கை. நாற்றங்காலில் வளர்ந்த பயிர் வயலுக்குப் பெயர்கின்றது. ஊரிற் பிழைப்பற்ற உழவன் மகன் ஆலை நிற்கும் ஊருக்குப் பெயர்கின்றான். பெயர்தல் எளிது, பெயர்ந்த இடத்தில் வேர் கொள்ளுதலே அரிது. இவ்வுண்மையை யாம் நூல்களிற் கற்றதினும் தெளிவாக ஒரு பட்டறைக் கணிப்பொறியினிடத்தே கண்டோம். அதனை எம் கல்லூரித் தோழர்க்கு உரைத்தல் பயனுடைத்தென எண்ணி இக்கட்டுரையை வரையத் துணிந்தோம்.

ஸ்ரீபெரும்புதூரினின்று ஒரகடம் வரையுள்ள நிலப்பகுதி பெயர்ச்சிக்கே பேர்பெற்றது. 1017-ஆம் ஆண்டில் அங்குப் பிறந்தவரெனக் கூறப்படும் இராமாநுசர், காஞ்சிக்கும் பின்னர்த் திருவரங்கத்திற்கும் பெயர்ந்து சென்றார். ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்திருந்த அவ்வூர்களை நோக்கி, எம் தலைமுறைக்குச் சற்று முன்னர் ஆலைகள் பெயர்ந்து வந்தன. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரலாயின. 2006-இல் நோக்கியாவும் 2007-இல் டெல் கணிப்பொறிக் கம்பெனியும் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தன. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை எழுந்தது. இவற்றுள் நோக்கியாவின் ஆலை 2014-ஆம் ஆண்டு நவம்பரில் உற்பத்தியை நிறுத்திற்று; சில ஆண்டுகள் கழிந்த பின், சால்காம்ப் என்னும் மற்றொரு கம்பெனி அக்கட்டடத்திற் குடிபுகுந்தது.

இப்பேராலைகளின் நிழலில் வாழும் சிறு பட்டறைகள் பல. அவற்றுள் ஒன்று எம் பெரியப்பாவினுடையது. வண்டலூரினின்று வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையினின்று சற்று உள்ளடங்கி, தகரக் கூரையின் கீழ் இரண்டு சி.என்.சி. லேத்துகளும் நான்கு தொழிலாளரும் உள்ளதோர் இடம் அது. பெரிய கம்பெனிக்குப் பொருள் கொடுக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனிக்கு, அங்குப் புஷ் எனப்படும் குழல்வடிவத் துண்டுகள் கடைந்து கொடுக்கப்படும். எந்தத் துண்டினை எவ்வளவில் கடைவது என்னும் புரோகிராம்கள், பதினோராண்டுச் சேமிப்பு, ஒரு பழைய கணிப்பொறியில் இருந்தன. அதினின்று கம்பி வழியாகவே லேத்துக்குக் கட்டளை செல்லும்.

2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அக்கணிப்பொறி நோயுற்றது. காலையில் ஒருநாள் எழும், மறுநாள் எழாது. மதர்போர்டு தளர்ந்துவிட்டதென்றும், ஹார்டு டிஸ்க் மட்டும் நலமென்றும் பழுது பார்ப்பவர் கூறினார். மேலும், அதிலிருந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி அளித்து வந்த பொதுவான ஆதரவு அவ்வாண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்திருந்தது. ஆதலின் பெரியப்பா புதியதொரு கணிப்பொறி வாங்கினார். ஆனால், லேத்துக்குக் கட்டளை அனுப்பும் மென்பொருளைப் புதிதாக நிறுவுதற்குரிய தட்டு எவரிடத்தும் இல்லை. விற்ற கடையும் மூடப்பட்டுவிட்டது. திங்கட்கிழமைக்குள் அறுநூறு துண்டுகள் போய்ச் சேராவிடில், அடுத்த மாத வேலை வேறொரு பட்டறைக்குச் செல்லும். நால்வர் கூலியும் அதனோடு செல்லும்.

“தம்பி, பழைய டிஸ்கைக் கழற்றிப் புதுப்பெட்டியில மாட்டினா ஓடாதா?” என்று பெரியப்பா வினவினார். கேள்வி எளிது, விடை அத்துணை எளிதன்று. அண்டைப் பட்டறையார் ஒருவர் அவ்வாறே மாட்டிப் பார்த்தபோது, பிட்லாக்கர் என்னும் பூட்டு 48 இலக்கத் திறவெண்ணைக் கேட்டு நின்றது. அவ்வெண் விற்றவர் தம் பெயரால் தொடங்கிய கணக்கிற் கிடந்தது. அவரைக் கண்டுபிடித்தல் இயலவில்லை. மூன்றாண்டுக் கணக்கு வழக்கு அப்பூட்டினுள்ளேயே மறைந்தது.

நிற்க. யாம் தமிழ் இலக்கணம் பயிலும் மாணவர். ஆதலின் இச்சிக்கல் எமக்குப் புணர்ச்சியாகவே தோன்றிற்று. பழந்தட்டு நிலைமொழி, புதுக்கணிப்பொறி வருமொழி. இரண்டும் சேருங்கால், பொன்மலை என்பதுபோல் மாற்றமின்றிச் சேர்தல் இயல்பு. கோப்புகள், படங்கள், கணக்குகள் ஆகியன இவ்வகைய. எப்பெட்டியிலும் அவை அவையே. ஆயின் விண்டோஸ் அமைப்பு அத்தகையதன்று. அது தான் குடியிருக்கும் மதர்போர்டின் இயல்பறிந்து தன்னை அமைத்துக்கொள்வது. ஆதலின் அது பெயருங்கால் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூவகை விகாரமும் நிகழும்.

முதற்கண் கெடுதல். மரவேர் என்பதில் மகரம் கெட்டாற்போல, பழைய மதர்போர்டுக்கே உரிய டிரைவர்கள் நீங்குதல் வேண்டும். சனிக்கிழமை காலை பழைய கணிப்பொறி ஒருவாறு எழுந்தது. எழுந்தவுடன் ஹார்டு டிஸ்கின் முழுப்படி ஒன்றினை வெளித்தட்டில் எடுத்து வைத்தோம். படியின்றிப் பெயர்த்தல், விதைநெல்லை வைத்துக்கொள்ளாது எல்லாவற்றையும் விதைத்தலை ஒக்கும். பிட்லாக்கர் பூட்டு இல்லையென உறுதி செய்துகொண்டோம். வரைபட மென்பொருளின் உரிமம் அக்கணிப்பொறிக்கே கட்டுப்பட்டிருந்தமையின், அதனை அங்கேயே ஒப்படைத்து விடுவித்தோம். பழைய பெட்டி முற்றும் உயிர்நீத்திருப்பின் இஃது எளிதில் இயலாது. பின்னர்ப் பழைய டிரைவர்களை நீக்கி, உறக்கநிலையன்றி முழுவதும் அணையுமாறு செய்து, டிஸ்கைக் கழற்றினோம்.

அடுத்தது திரிதல். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடமாகும்; ஓரெழுத்துத் திரிந்தாலன்றி அச்சேர்க்கை அமையாது. பழந்தட்டு எம்.பி.ஆர். என்னும் முறையிற் பகுக்கப்பட்டிருந்தது. புதுக்கணிப்பொறியோ யு.இ.எஃப்.ஐ. முறையில் மட்டுமே எழுவது; அதற்கு ஜி.பி.டி. பகுப்பு வேண்டும். இத்திரிபினைச் செய்தற்கென எம்.பி.ஆர். 2 ஜி.பி.டி. என்னும் கருவியை மைக்ரோசாப்ட் கம்பெனி 2017-ஆம் ஆண்டில் விண்டோஸ் 10-உடன் சேர்த்துத் தந்தது. அது கோப்புகளை அழியாது விடுத்துப் பகுப்பினை மட்டும் மாற்ற வல்லது. புதுப்பெட்டியோடு வந்த தட்டினைக் கழற்றித் தனியே வைத்தோம். இல்லையேல் எத்தட்டினை மாற்றுகின்றோம் என்னும் ஐயம் எழும். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவினால் கணிப்பொறியை எழுப்பி, முதலிற் சோதனைக் கட்டளையும், அது தேறிய பின்னரே மாற்றக் கட்டளையும் இட்டோம். பயாஸில் ரெயிட் என்றிருந்த தட்டு முறையைப் பழைய பெட்டியில் இருந்தவாறே ஏ.எச்.சி.ஐ. என மாற்றினோம். இவ்வொற்றுமை இல்லையாயின், விண்டோஸ் தன் தட்டினையே காணமாட்டாது, 0எக்ஸ்7பி என்னும் பிழையெண்ணோடு நீலத்திரை காட்டி நின்றுவிடலாம்.

மூன்றாவது தோன்றல். வாழையும் பழமும் சேருமிடத்துப் பகரமெய் தோன்றுதல் போல, புதுமனைக்கு வேண்டும் டிரைவர்கள் புதியனவாகத் தோன்றுதல் வேண்டும். கணிப்பொறியை இயக்கினோம். வெண்புள்ளிகள் வட்டமாகச் சுழன்றன. பெரியப்பா நாற்காலியில் அமராது நின்றுகொண்டே இருந்தார். ஒருமுறை தானே அணைந்து எழுந்தது, மீண்டும் புள்ளிகள். பத்து நிமிடத்திற்குப் பின், பெரியப்பாவின் மகள் குழந்தையாய் இருந்தபோது எடுத்த படம் திரையில் வந்தது. அப்படமே அக்கணிப்பொறியின் முகப்பு. பெரியப்பா ஒன்றும் பேசாது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஆயினும் வேலை முடிந்திலது. நெட்வொர்க் டிரைவர் இல்லாமையால் இணையம் வரவில்லை. கைப்பேசியைக் கம்பியாற் பிணைத்து இணையம் கொடுக்க, ஏனைய டிரைவர்கள் தாமே வந்து சேர்ந்தன. விண்டோஸ் உரிமத்தைப் பற்றி ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். பெட்டியோடு சேர்ந்து வரும் ஓ.இ.எம். உரிமம் அப்பெட்டிக்கே உரியது, தட்டோடு பெயராது. தனியே விலைகொடுத்து வாங்கிய உரிமமே பெயர்தற்குரியது. எம் பெரியப்பாவின் பழைய உரிமம் முன்னது. புதுக்கணிப்பொறி தன் மதர்போர்டிலேயே அதே பதிப்பிற்குரிய உரிமம் பெற்று வந்தமையின் சிக்கல் எழவில்லை.

இறுதியாக லேத். பழைய கணிப்பொறியின் பின்புறத்தில் ஆர்.எஸ். 232 என்னும் ஒன்பது ஊசித் துளை இருந்தது, புதியதில் அஃதில்லை. யு.எஸ்.பி. மாற்றுக்கம்பி ஒன்று வாங்கி இணைத்தோம். அது தனக்குக் காம் 5 என்று பெயரிட்டுக்கொண்டது. மென்பொருளோ காம் 1 என்னும் பெயரையே அறியும். டிவைஸ் மேனேஜரிற் பெயரை மாற்றியவுடன் கட்டளை சென்றது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து யாம் திரும்பியபோது லேத்துகள் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை மாலை அறுநூறு துண்டுகளும் போய்ச் சேர்ந்தன. விண்டோஸ் 11-க்கு ஏற்றும் வேலையை இரண்டு வாரம் தள்ளி வைத்தோம். என்னை? இரண்டு மாற்றங்களை ஒருசேரச் செய்தால், பின்னர் நேரும் பிழை எதனால் விளைந்ததென அறிதல் அரிதாகும்.

நேயர்காள்! உங்கள் இல்லத்திலும் அலுவலகத்திலும் இத்தகைய பெயர்ச்சி நேரலாம். அப்பொழுது உம்முடைய பொருள் எது, இடத்தைச் சார்ந்தது எது, உரிமத்தால் வந்தது எது என மூன்றாகப் பகுத்துணர்மின். முதலாவதனைப் படியெடுத்துக் காமின்; இரண்டாவதனைப் புதிய இடத்திற்கேற்ப மாற்றிக்கொள்மின்; மூன்றாவதனை முறைப்படி விடுவித்துப் பெயர்த்துக்கொள்மின். பழைய பெட்டி எழுந்து நிற்கும்போதே இவற்றைச் செய்தல் நன்று.

புணர்ச்சியில் எழுத்துத் திரியும், தோன்றும், கெடும், பொருள் கெடாது. பொற்குடத்திலும் பொன் பொன்னே. தென்மாவட்டங்களினின்றும் வடநாட்டினின்றும் ஒரகடத்திற்கு வந்து, ஓரறையிற் பலராய்த் தங்கி, புதிய நேரத்தையும் புதிய உணவையும் புதிய மொழியையும் ஏற்றுக்கொண்டு உழைக்கும் இளைஞரைக் காணுந்தோறும், எமக்கு இவ்விலக்கணம் நினைவிற்கு வருகின்றது. அவர்கள் மாற்றிக்கொண்டவை பல. மாற்றாது நெஞ்சிற் காத்து வைத்தவையும் பல.