ஸ்பிண்டில்

மேசைமேல் ஒரு பழைய வெள்ளைத் துண்டு விரித்திருக்கிறது. அதன்மேல் மாடல் ஹெலிகாப்டர், முன்கூடு கழற்றிய நிலையில். பிளேடுகள் இரண்டும் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. துண்டு எதற்கென்று, பெரியவரின் கையிலிருந்து ஒரு திருகு நழுவியபோது தெரிந்தது. எள்ளளவு திருகு, உருண்டு ஓடாமல் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

கோவை பீளமேட்டில் வீட்டின் பின்கட்டு அறை. பம்ப்செட் கம்பெனியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே இதை ஓர் அடிகூட எழுப்ப முடியாது. பறப்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தரிசு நிலத்தில். ஒரு பேட்டரிக்கு ஐந்து நிமிடம் பறக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்கான வேலை இந்த அறையில் நடக்கிறது.

450 வகை. பிளேடின் நீளம் 325 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றும்போது அதன் நுனி மணிக்கு 350 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். நாற்பது கிராம்கூடத் தேறாத அந்தப் பிளேடு, ஐம்பது கிலோ மூட்டையைத் தொங்கவிட்டது போன்ற விசையோடு, தன்னைப் பிடித்திருக்கும் தலையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். இரண்டு பக்க இழுப்பையும் குறுக்கே தாங்கி நிற்பது ஸ்பிண்டில் என்ற சின்னக் கம்பி. பிளேடுகள் சாய்வை மாற்றிக்கொள்வதும் அதன்மேல்தான்.

போன வாரம் இறங்கும்போது ஒரு பிளேடு நுனி புல்லில் உரசியிருக்கிறது. பார்வைக்கு எதுவும் சேதமில்லை. பிளேடில் ஒரு கீறல்கூடக் கிடையாது. அப்படியிருந்தும் அவர் அவிழ்க்கத் தொடங்கினார்.

முதலில் விரல்கள். பிளேடைப் பிடிக்கும் கவ்வியை மேலும் கீழும் அசைத்தார், வெளிப்பக்கம் இழுத்தார். ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு லிங்க்குகள், சின்ன இணைப்புக் கம்பிகள். சர்வோ மோட்டாரிலிருந்து பிளேடுகளின் சாய்வை மாற்றும் ஸ்வாஷ்பிளேட்டுக்கும் அங்கிருந்து தலைக்கும் போகும் ஒவ்வொரு லிங்க்கையும் இரு விரலால் திருகிப் பார்த்தார். இறுக்கமாக இருந்தால் சர்வோ திணறும். தளர்ந்திருந்தால் நடுவானில் கழன்றுவிடும். ஒன்றை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார். அதில் என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை, அவர் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. நாற்பது வருடம் பட்டறை இரைச்சலில் இருந்து மந்தமான காதுகள் அவருடையவை. பேரிங்கில் மண் புகுந்திருப்பதை மற்றவர்கள் சத்தத்தில் கண்டுபிடிப்பார்கள். இவர் ஸ்வாஷ்பிளேட்டின் வெளிவளையத்தில் நகத்தை வைத்து மெதுவாகச் சுற்றுகிறார். கண் ஜன்னலுக்கு வெளியே எங்கோ இருக்கிறது. கவனம் முழுக்க அந்த நகத்தில்.

தலையைப் பிரிப்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஸ்பிண்டிலின் இரு முனையிலும் ஆலன் கீயை நுழைத்தார். மரை இளகாமல் நின்றது, திருகு தானே கழலாமலிருக்க நீலப் பசை போட்டிருந்தது. முரட்டுத்தனமாகத் திருகினால் அறுகோணக் குழி தேய்ந்துவிடும். சால்டரிங் இரும்பின் நுனியைத் திருகின் தலையில் வைத்துக் காத்திருந்தார். சூடு ஏறிப் பசை இளகியதும் மரை வழிவிட்டது.

கழன்று வந்தவற்றை வந்த வரிசையிலேயே துண்டில் அடுக்கினார். வாஷர், திரஸ்ட் பேரிங், உள்பேரிங், ரப்பர் வளையம். திரஸ்ட் பேரிங்கின் இரண்டு தட்டுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றின் துளை மயிரிழை பெரிது. பெரிய துளைத் தட்டு உள்பக்கம், சிறியது வெளிப்பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டாலும் பூட்டிக்கொள்ளும், சுற்றவும் செய்யும், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் இரண்டையும் ஒன்றாக எடுக்க மாட்டார். ஒன்றைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறார்.

ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் 1970-ஐ ஒட்டி மாடல் ஹெலிகாப்டரை நம்பகமாகப் பறக்கவைத்துக் காட்டியபோது கைரோவும் இல்லை, இன்று வாலையும் தலையையும் தானே நிதானப்படுத்தும் சில்லும் இல்லை. இப்போது அதையெல்லாம் தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்று பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஸ்பிண்டில் வளைந்திருப்பதை அதனால் சொல்ல முடியாது. வளைவால் வரும் நடுக்கத்தை அது காற்றின் அசைவாக எடுத்துக்கொண்டு சரிசெய்யப் பார்க்கும், சில சமயம் நடுக்கத்தைக் கூட்டியும் விடும். கருவி வளர வளரக் கைவேலை குறையும் என்பவர்கள் இந்த மேசைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துத் துடைத்து, அதன்மேல் ஸ்பிண்டிலை வைத்து ஒரு விரலால் உருட்டினார். குனிந்து கண்ணைக் கண்ணாடியின் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். மறுபடி உருட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பேத்தி உள்ளே வந்தாள்.

"அப்புச்சி, நாளைக்கு நானும் வரட்டுங்களா?"

"நாளைக்குப் போகல கண்ணு."

"ஏனுங்க?"

பதில் சொல்லாமல் கண்ணாடியை அவள் பக்கம் தள்ளினார். அவள் உருட்டினாள். முகத்தைக் கீழே வைத்துப் பார்த்தாள். கம்பிக்குக் கீழே ஒரு வெளிச்சக் கோடு, உருள உருளத் திறந்து மூடியது.

"ஆடுதுங்க, அப்புச்சி."

தலையசைத்தார். முதுகில் தட்டினார். அவள் பார்த்துவிட்டதில் அவருக்கிருந்த சந்தோஷம் மறைக்க முடியாததாக இருந்தது.

பிறகு போனை எடுத்தார். "நாளைக்கு நான் வரலைங்க. ஸ்பிண்டில் வளைஞ்சிருக்குது... நிமித்தலாமுங்க, நிமிந்துக்கும்... இல்லைங்க, வேண்டாம். புதுசு வரட்டும்." அந்தப் பக்கத்துக் குரல் வற்புறுத்தியது போலிருந்தது. "பிள்ளைங்க நிக்கிற எடமுங்க அது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பழைய கம்பியை நடுவில் நன்றாக மடக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். மறந்துபோய்க்கூட அதை யாரும் எடுத்துப் பூட்டிவிடக் கூடாது.

ஓரத்தில் மணல் நிரப்பிய மண்தொட்டியில் நாளைக்காகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரிகள் இருந்தன. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட். பறக்காமல் அப்படியே நாள்கணக்கில் வைத்தால் உப்பிப்போய்க் கெடும். சார்ஜரை மேசைக்கு இழுத்து, முதல் பேட்டரியைச் சொருகி, 3.8 வோல்ட்டுக்கு இறக்க வைத்தார். அடுத்ததை அதன் பக்கத்தில் எடுத்து வைத்தார்.