குறட்டையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறார் என்று அர்த்தம் என நம் வீடுகளில் இன்னும் நம்புகிறார்கள். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இந்த நம்பிக்கை ஆபத்தானது.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதுதான் ஸ்லீப் ஆப்னியா. குறட்டை சட்டென நிற்கும். 10 விநாடியோ அதற்கு மேலுமோ மூச்சு இருக்காது. பிறகு ஒரு திணறலோடு திரும்பும். சிலருக்கு இது மணிக்கு 30 முறைக்கு மேல்கூட நடக்கும். ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, உடல் பதறிப்போய் அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கிறது. இவை கல்லீரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும்; இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடாது. ராத்திரி இரண்டே இட்லியோடு எழுந்தவருக்குக் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறி நிற்க இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரவில் அடிக்கடி சிறுநீருக்கு எழுவதைச் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். மூச்சுத்தடையும் அதைச் செய்யும். உடல் பருத்தவர்களுக்குத்தான் அதிகம் என்றாலும் ஒல்லியானவர்களுக்கும் வரும்.

டைப் 2 நீரிழிவு உள்ளவர்களிடம் இந்த மூச்சுத்தடை இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும்படி சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு 2008-லேயே மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. இதற்குச் சிகிச்சையாகத் தூங்கும்போது பொருத்திக்கொள்ளும் சிபாப் கருவி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும். பகல் சோர்வு தீரும். அதனால் மட்டுமே சர்க்கரை இறங்கிவிடாது, எடையும் குறைய வேண்டும்.

மூச்சு நிற்பது தூங்குபவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி. அடுத்த முறை சர்க்கரை டாக்டரிடம் அவர் போகும்போது நீங்களும் கூடவே போய், பார்த்ததைச் சொல்லுங்கள்.