பிளக்கைப் பிடுங்கிய பிறகு கேட்ட பாட்டு

சியாட்டல் மழைக்குச் சத்தமே கிடையாது. அது தெரியாமல் கிள்ளானிலிருந்து பெரிய குடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். நம் ஊரில் மழை தகரக் கூரையில் இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அங்கே மழை வந்ததே தெரியவில்லை. பத்து நிமிடம் நடந்த பிறகுதான் சட்டை நனைந்திருப்பது தெரிந்தது. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சியாட்டலில் ஏறக்குறைய 950தான். ஆனால், அந்தக் கொஞ்சத்தையும் ஆண்டில் 150 நாள்களுக்குப் பரப்பித் தூறிக்கொண்டே இருக்கிறது வானம்.

இவ்வளவு மெல்லிய மழை பெய்யும் ஊரில்தான் 1980களின் பிற்பகுதியில் காதைக் கிழிக்கும் ஓர் இசை உருவானது. அதன் பெயர் கிரஞ்ச். பங்க் இசையின் கோபத்தையும் ஹெவி மெட்டலின் கனத்தையும் குழைத்து, கிட்டார் ஒலியைக் கரகரவென்று சிதைத்து வாசிப்பது. நிர்வானா, பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன், ஆலிஸ் இன் செயின்ஸ் ஆகியவை இந்த வட்டாரம் உலகுக்குக் கொடுத்த நான்கு பெரிய குழுக்கள்.

நான் அந்த இரைச்சலைத் தேடிப் போகவில்லை. 2019 அக்டோபரில், விமானப் பராமரிப்புத் துறையில் வேலை பார்க்கும் என் அண்ணனுக்கு அங்கே இரண்டு வாரப் பயிற்சி. அப்பா தவறி ஆறு மாதம் ஆகியிருந்தது. அதன் பிறகு அண்ணன் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. "நீயும் கடைசி வாரம் போயி அவன்கூட இருந்துட்டு வா. தனியா விட்டா இருக்கிற பேச்சும் நின்னுடும்" என்று அம்மாதான் என்னை அனுப்பி வைத்தார். வானொலியில் ஐந்து நாள் விடுப்பு வாங்கினேன். மணிக்கணக்கில் பேசுவதுதான் என் தொழில். அண்ணனைப் பேச வைப்பதற்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை.

இரைச்சலுக்குள் ஒரு முனகல்

ஒரு காலத்தில் அந்த அண்ணன்தான் எங்கள் தாமானிலேயே அதிகம் சத்தம் போட்டவர். 1994இல் அவருக்கு வயது 17, எனக்கு 9. நண்பரிடம் இரவல் வாங்கிய மின்கிட்டாரையும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரையும் வைத்துக்கொண்டு சுவரை அதிர வைப்பார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. பகலில்தான் தூங்குவார். ஒரு நாள் மதியம் எழுந்து வந்தவர், ஒன்றும் பேசாமல் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிக் கையோடு அறைக்குள் கொண்டு போய்விட்டார். எங்கள் வீட்டின் முதல் 'அன்பிளக்ட்' நிகழ்ச்சியை நடத்தியவர் அப்பாதான்.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு மிஞ்சியது ஒரு கப்போக் கிட்டார். நாற்பது வயதைத் தாண்டிய மலேசியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் தயாராகி வந்த மலிவான மரக் கிட்டார் அது. மலாயில் 'கித்தார் கப்போக்' என்றாலே மலிவுக் கிட்டார் என்ற அளவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கம்பிகள் உயரத்தில் நிற்கும், விரல் நுனி தோலுரியும். அடுக்குமாடியிலும் தாமானிலும் வளர்ந்த எத்தனையோ பையன்கள் ராக் பாட்டுகளைக் கற்றுக்கொண்டது அதில்தான். மின்கிட்டார் வாங்க வசதியில்லை, வாங்கினாலும் பக்கத்து வீட்டார் விடமாட்டார்கள். அக்கூஸ்டிக் கிரஞ்ச் என்பது இந்தப் பையன்களுக்கு ஒரு பாணியாக வரவில்லை. வேறு வழியில்லாமல் வந்தது.

அதே 1994 நவம்பரில்தான் நிர்வானாவின் 'எம்டிவி அன்பிளக்ட் இன் நியூயார்க்' இசைத்தொகுப்பு வெளியானது. அண்ணன் கேசட் வாங்கி வந்தார். அதைக் கப்போக்கிலேயே வாசிக்க முடியும் என்று தெரிந்த அன்று அவர் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

லில்லிப் பூக்கள் நடுவே

சியாட்டலில் முதல் நாள் எல்லோரும் போகும் இடங்களுக்குப் போனோம். ஃபிராங்க் கெரி வடிவமைத்த, கசங்கிய உலோகத் தாள் போன்ற பாப் பண்பாட்டு அருங்காட்சியகத்தின் வெளியே சவுண்ட்கார்டன் பாடகர் கிரிஸ் கார்னலின் சிலை நிற்கிறது. 2018இல் திறந்தார்கள். உள்ளே அப்போது நிர்வானாவுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி இருந்தது. மேடையில் உடைத்த கிட்டாரின் துண்டுகளைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அண்ணன் பார்த்தார், நகர்ந்தார். ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் ஒரு காரை வாடகைக்கு எடுத்து அபர்டீனுக்குப் புறப்பட்டோம். நிர்வானாவின் பாடகர் கர்ட் கோபேன் 1967இல் பிறந்த ஊர் அது. சியாட்டலிலிருந்து தென்மேற்கே சுமார் 170 கிலோமீட்டர். டக்கோமா, ஒலிம்பியா நகரங்களைத் தாண்டியதும் சாலை மேற்கே திரும்புகிறது. இருபுறமும் ஊசியிலை மரங்கள், எதிரே மரம் ஏற்றி வரும் லாரிகள். காரில் அந்த அன்பிளக்ட் தொகுப்பைப் போட்டேன்.

1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் சோனி ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானது அது. மேடையை லில்லிப் பூக்களாலும் கறுப்பு மெழுகுவத்திகளாலும் அலங்கரிக்கச் சொன்னது கோபேனே. உலகையே உலுக்கிய 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டை அன்று அவர்கள் பாடவில்லை. 14 பாட்டுகளில் 6 மற்றவர்களுடையவை. மேளத்தில் இடி இடிக்கும் டேவ் குரோல் அன்று பிரஷ்ஷால் தடவி வாசித்தார். பின்னால் ஒரு செல்லோ இழைந்தது. கடைசிப் பாட்டு, 19ஆம் நூற்றாண்டிலிருந்து அமெரிக்க மலைப்பகுதியில் வாய்வழி வந்த ஒரு நாட்டுப்பாடல். லெட் பெல்லி என்ற கறுப்பினக் கலைஞர் 1940களில் பாடிப் பதிவு செய்தது. அதன் இறுதியில் கோபேன் குரலை உச்சத்துக்கு ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, மூச்சு இழுத்துவிட்டு முடிப்பார். இன்னொரு பாட்டு கேட்டதற்கு மறுத்துவிட்டார்.

வானொலிக்காரிக்கு அந்த ஒரு கண மௌனம் பெரிய பாடம். ஒலிபரப்பில் மூன்று விநாடி அமைதி விழுந்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும். உடனே எதையாவது போட்டு நிரப்புவோம். கோபேன் அந்த இடத்தை நிரப்பவில்லை. அதனால்தான் அந்த மூச்சு இத்தனை ஆண்டுகள் கழித்தும் கேட்கிறது.

இதை அண்ணனிடம் சொன்னேன். வைப்பர் நாலைந்து முறை போய் வந்தது. பிறகு அவர் பேசினார்.

"டிஸ்டோர்ஷன் போட்டா தப்பு தெரியாது பாப்பா. ரெண்டு சுரத்தை மட்டும் பிடிச்சா போதும், மெஷின் அதை மலை மாதிரி ஆக்கிடும். அடிச்சு விட்டா சத்தம் தானா நிக்கும். மரக் கிட்டார்ல தட்டின உடனே ஒலி செத்துப் போகும். மிச்சத்தைக் குரல்தான் தாங்கணும். பாட்டுல சரக்கு இல்லன்னா அங்க அப்பட்டமா தெரிஞ்சிடும்."

ஆறு மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நான் குறுக்கே பேசவில்லை.

அவர் சொன்னதில் தொழில்நுட்ப உண்மை இருக்கிறது. மின்கிட்டார் ஒலியைச் சிதைக்கும்போது முழுக் கார்டும் கலங்கிச் சேறாகிவிடும். அதனால் அடிச்சுரத்தையும் ஐந்தாம் சுரத்தையும் மட்டுமே சேர்த்து வாசிப்பார்கள். மகிழ்ச்சியா துயரமா என்று காட்டிக்கொடுக்கும் மூன்றாம் சுரம் பெரும்பாலும் கிட்டாரில் இருக்காது. மரக் கிட்டாரில் அது திரும்பி வருகிறது. கேட்ட அதே பாட்டு திடீரென்று சோகமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்றைய நிகழ்ச்சியே முழுக்க மின்சாரம் இல்லாமல் நடந்ததல்ல. கோபேனின் மார்ட்டின் கிட்டார் ஓர் ஆம்ப்ளிஃபயர் வழியாகவும் போனது. பார்வையாளருக்குத் தெரியாதபடி அதை ஒரு பெட்டிக்குள் மறைத்திருந்தார்கள். மேடையில் எல்லாவற்றையும் கழற்ற அவருக்கும் தயக்கம் இருந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு அந்த மனிதர் இன்னும் நெருக்கமாகிறார். நாங்கள் திரும்பிய மறு ஆண்டு, 2020 ஜூனில், அந்தக் கிட்டார் ஏலத்தில் 60 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் போனது.

கிரஞ்ச் குழுக்களில் பலருக்கும் இந்த மெல்லிய பக்கம் இருந்தது. பேர்ல் ஜாம் 1992லேயே அன்பிளக்ட் மேடை ஏறியது. ஆலிஸ் இன் செயின்ஸ் 1994இல் வெளியிட்ட 'ஜார் ஆஃப் ஃபிளைஸ்' பெரும்பாலும் அக்கூஸ்டிக். அமெரிக்க பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்த முதல் குறுந்தொகுப்பும் அதுவே. கிரிஸ் கார்னல் பின்னாளில் ஒற்றைக் கிட்டாருடன் ஊர் ஊராகப் போய்ப் பாடி, 2011இல் 'சாங்புக்' என்ற தொகுப்பாக வெளியிட்டார்.

பாலத்துக்குக் கீழே

அபர்டீன் மரத்தொழிலால் வாழ்ந்து, அத்தொழில் சரிந்ததும் சோர்ந்துபோன ஊர். ஊர் எல்லைப் பலகையில் 'கம் ஆஸ் யூ ஆர்' என்று நிர்வானா பாட்டின் பெயரையே வரவேற்பு வாசகமாக எழுதி வைத்திருக்கிறார்கள். விஷ்கா ஆற்றின் மேல் ஒரு சிறிய பாலம், பக்கத்தில் கோபேன் நினைவாக ஒரு குட்டிப் பூங்கா. அவர் வளர்ந்த வீடு அங்கிருந்து நடக்கும் தூரம்தான். பாலத்துக்குக் கீழே சேற்று மணம். தூண்களில் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் எழுதிவிட்டுப் போன எழுத்துகள்.

இளவயதில் வீட்டைவிட்டு வெளியேறி இந்தப் பாலத்தடியில் தங்கியதாகக் கோபேன் சொன்னதிலிருந்து வந்ததுதான் 'சம்திங் இன் தி வே' பாட்டு. கடல் ஏற்றத்தில் ஆற்று நீர் ஏறி இறங்கும் அந்தக் கரையில் யாரும் வசித்திருக்க முடியாது என்று அவருடைய குழுவின் கிரிஸ்ட் நொவோசெலிச்சே பின்னர் சொன்னார். நேரில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தப் பாட்டு பொய்யில்லை. 1991இல் கலிஃபோர்னியாவில் அதைப் பதிவு செய்தபோது இரைச்சலோடு வாசித்துப் பார்த்திருக்கிறார்கள், சரிவரவில்லை. கோபேன் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சோஃபாவில் படுத்து, ஐந்து கம்பி மட்டுமே இருந்த பழைய மரக் கிட்டாரில் முணுமுணுப்பாகப் பாடிக் காட்டினார். தயாரிப்பாளர் புட்ச் விக் மின்விசிறியையும் தொலைபேசியையும் நிறுத்திவிட்டு அதையே பதிவு செய்தார். 'நெவர்மைண்ட்' என்ற அந்த இரைச்சலான தொகுப்பின் கடைசியில் இந்த முனகல் இருக்கிறது.

இரண்டே கார்டு. கப்போக்கில் அண்ணன் முதலில் பழகிய பாட்டும் அதுதான்.

"அப்பா ஒரு நாளும் நான் வாசிச்சதைக் கேட்டதில்ல" என்றார் அண்ணன், ஆற்றைப் பார்த்தபடி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, 25 ஆண்டுகளாக இதை நான் அவரிடம் சொல்லவே இல்லை என்று. "அண்ணே, நீங்க ஐந்தடியில உக்காந்து இந்தப் பாட்டை வாசிப்பீங்க. வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னால அப்பா உள்ள டிவி பாத்துக்கிட்டு இருப்பாரு. நீங்க ஆரம்பிச்சதும் டிவி சத்தத்தைக் குறைப்பாரு. முழுசா இல்ல, கொஞ்சம். நான் தரையில உக்காந்து பாத்திருக்கேன். ஒரு நாள் இல்ல, நிறைய நாள்."

அண்ணன் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அந்த அமைதியை நிரப்பவில்லை.

திரும்பும் வழியில் ஒன்று மட்டும் சொன்னார். "இவருக்கு 27 வயசு. யாராவது ஒருத்தர் சத்தத்தைக் குறைச்சு உக்காந்து கேட்டிருக்கலாம்." கோபேன் 1994 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதில் அழகு எதுவும் இல்லை. அவரைப் போற்றிக் கொண்டாடுபவர்கள் அதை மறந்துவிடக் கூடாது.

கடைசி நாள் பைக் பிளேஸ் சந்தைக்குப் போனோம். அங்கே இசைப்பவர்கள் நிற்க வேண்டிய இடங்களைத் தரையில் இசைக்குறி வரைந்து காட்டியிருக்கிறார்கள். ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது விதி. மீன் கடைக்காரர்கள் கூவிக்கொண்டிருக்க, ஓர் இளைஞர் மரக் கிட்டாரோடு ஆலிஸ் இன் செயின்ஸ் பாட்டைப் பாடினார். குரல் கேட்க வேண்டுமென்றால் அருகில் போய்த்தான் ஆக வேண்டும். போனோம். அண்ணனின் இடது கை விரல்கள் கோட்டின் ஓரத்தில் கார்டு பிடித்துக்கொண்டிருந்தன.

அப்பா தவறிய ஆண்டு என்பதால் அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் கொண்டாட்டம் இல்லை. பலகாரம் இல்லை, வருகையாளர் இல்லை. மாலையில் அண்ணன் அலமாரி மேலிருந்து கப்போக்கை இறக்கித் தூசு தட்டினார். புதுக் கம்பிகள் ஏற்கனவே வாங்கி வைத்திருந்தார். ஐந்தடியில் உட்கார்ந்து மெதுவாக வாசித்தார்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்து கதவோரம் நின்றார்.

"அப்ப வாசிப்பியே, அதே பாட்டுதானே?" என்றார். "உங்கப்பா குளிக்கும்போது இதைத்தான் முனகிக்கிட்டு இருப்பாரு."