அம்மா கேட்ட பினாங்கு சூப்பு

கெடா, பேராக் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பினாங்கு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர்மலைதான். எங்கள் வீட்டிலோ தண்ணீர்மலையோடு இன்னொன்றும் சேர்ந்தே வரும். தைப்பூசம் முடிந்த மறுநாள், விரதம் விட்டபின், அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கித் தரும் ஆட்டெலும்பு சூப்பு!

அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டி, காண்டா வாளி சுமந்த உடம்பு, மூங்கில் குச்சிபோல் ஆகிவிட்டது. பற்களும் போய்விட்டன. கஞ்சி, ரசம், முட்டை என்று எதை வைத்தாலும் இரண்டு வாய்க்குமேல் போகாது. "எடை இறங்கிக்கொண்டே போகிறது, கவனியுங்கள்" என்றார் டாக்டர். பள்ளியில் நாற்பது பிள்ளைகளை அதட்டிச் சாப்பிட வைக்கிற என்னால், பெற்ற தாயைச் சாப்பிட வைக்க முடியவில்லை.

ஒருநாள் மாலை, "தண்ணிமலைக்குப் போனா ஒங்கப்பா சூப்பு வாங்கித் தருவாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கடுத்த சனிக்கிழமையே புறப்பட்டுவிட்டோம்.

பட்டர்வொர்த் துறைக்குப் போனதும் அம்மா தேடியது பழைய பெரியைத்தான். கார்களையும் மனிதர்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து போகுமே, அது. அந்தப் பெரிகளில் பயணிகளை ஏற்றுவது 2020ஆம் ஆண்டின் கடைசி நாளோடு நின்றுவிட்டது. 2023 முதல் ஓடுபவை புதிய விரைவுப் படகுகள். பத்து நிமிடத்துக்கெல்லாம் அக்கரை வந்துவிடுகிறது. "ஏறி ஒக்காரறதுக்குள்ள எறங்கச் சொல்றாங்களே" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டார். எனக்கும் அந்தக் குறை உண்டு. கடல் காற்றில் முகத்தைக் கொடுத்து நின்றால்தானே பினாங்குக்குப் போன மாதிரி!

படகுத் துறையிலிருந்து மெல்ல நடந்தால் நம்மவர் கடைத்தெரு வந்துவிடும். பூக்கடை, பாத்திரக்கடை, சேலைக்கடை. குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கொஞ்சம் உட்கார்ந்தோம். அங்கிருந்து சிறிது தொலைவில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா தெரு என்ற பெயரே அந்நாளில் கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களால் வந்ததுதான். சூப்பைப் பற்றிச் சொல்ல வந்தவள் ஊர்க்கதை சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். மல்லியும் சோம்பும் சீரகமும் அந்தச் சட்டிக்குள் எப்படி வந்தன என்பதற்கு இந்தத் தெருக்களே சாட்சி. அவற்றோடு சீனர்களின் அன்னாசிப்பூவும், மலாய்க்காரர்கள் டாவுன் சூப் என்று சொல்லும் செலரி இலையும் சேர்ந்துகொண்டன.

அப்பா கூட்டிப்போன கடை இப்போது இல்லை. பினாங்கு ரோட்டுப் பக்கம் வேறொரு மாமாக் கடையில் உட்கார்ந்தோம். பெரிய சட்டி, கீழே சுடர் தெரியாத அளவுக்கு நெருப்பு. "காலையில ஏத்தினதும்மா. கொதிக்க விட்டா சூப்பு கலங்கிப்போயிரும். சும்மா முணுமுணுன்னு இருக்கணும்" என்றார் கடைக்காரர். கூடவே ரொட்டி பெங்காலி. அம்மா அதைப் பிய்த்து சூப்பில் நனைத்துச் சாப்பிட்டார். எலும்பை ஒட்டியிருந்த கறி, ஈறிலேயே கரைந்தது. கிண்ணம் காலியானது. "தம்பி, இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா" என்று அம்மா கேட்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அம்மா பேசிக்கொண்டே வந்தார். "நாங்களும் இப்படித்தானே புள்ள வெச்சோம். பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி, கித்தா கட்டை எரிஞ்ச தணல்ல மண்சட்டிய வெச்சு, சுத்திச் சாம்பல அணைச்சுட்டுப் போவோம். பால் நிறுத்துட்டு வந்தா எலும்பு பூவா வெந்திருக்கும்."

அந்தத் தணலுக்கு இப்போது நான் எங்கே போவது? நான் காலை ஆறரைக்குப் பள்ளிக்குப் புறப்பட்டால் இரண்டு மணிக்குமேல்தான் வீடு. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு கேஸ் அடுப்பை எரியவிட முடியுமா? அப்போதுதான் சுங்கைப் பட்டாணி கடையில் பார்த்த ஸ்லோ குக்கர் நினைவுக்கு வந்தது. பீங்கான் சட்டி, அதைச் சுற்றி மின்சூடு, அவ்வளவுதான். சிறியதானால் நூற்றைம்பது, இருநூறு வாட்தான் இழுக்கும். துணி தேய்க்கும் பெட்டி ஆயிரம் வாட். அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்பவர் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஓய்வு நாளில் அடுப்பு மூட்டாத யூதர்கள், முதல்நாள் மாலையே சட்டியை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்து, இரவெல்லாம் வேகவிடுவார்களாம். லித்துவேனியாவில் பிறந்த அவருடைய தாயார் சொன்ன இந்தக் கதைதான் அவருக்கு வழிகாட்டியது. எங்கோ ஒரு ஊர் அம்மாவும் தணல் சட்டி கதைதான் சொல்லியிருக்கிறார்!

வாங்கிய வாரமே நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். சத்தாக இருக்கட்டும் என்று ராஜ்மா, அதுதான் அந்தப் பெரிய சிவப்பு கிட்னி பீன்ஸ், ஊறவைத்து அப்படியே சட்டியில் போட்டுவிட்டேன். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் அம்மாவுக்கும் மகனுக்கும் வாந்தி. இரவோடிரவாக மருத்துவமனைக்கு ஓடினோம். சிறிது தேறியிருந்த உடம்பு அது. அந்த இரவை நான் மறக்கமாட்டேன். அந்தப் பருப்பில் இயல்பாகவே ஒரு நஞ்சு உண்டு. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். இந்தச் சட்டியின் மெல்லிய சூட்டில் அழியாது. ஆகவே சகோதரிகளே, ராஜ்மா போடுவதானால் இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே சட்டியில் போடுங்கள். உறைந்த கறியையும் அப்படியே போடாதீர்கள். சூடு ஏற நேரமாகி, அதற்குள் கெட்டுவிடும்.

சூப்புக்கு நான் செய்வது இதுதான். ஒரு கிலோ ஆட்டெலும்பைக் கொதிநீரில் ஒருமுறை போட்டெடுத்து நுரையைக் கழுவிவிடுவேன். வெங்காயம், இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூவை எண்ணெயில் வதக்கி, அரைத்த மல்லி, சோம்பு, சீரகம், மிளகைச் சேர்த்து வாசம் வந்ததும் எல்லாவற்றையும் சட்டியில் போட்டுக் கொதிநீர் ஊற்றுவேன். ஆவி வெளியே போகாததால் அடுப்பில் வைப்பதைவிடத் தண்ணீர் குறைவாகவே போதும். சின்னச் சூட்டில் எட்டு மணி நேரம். உப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இறக்கும்போது செலரி இலையும் பொரித்த வெங்காயமும் தூவுவேன். நெஞ்செலும்பு, கால், கழுத்து என்று மலிவாகக் கிடைப்பவைதான் இதற்கு ஏற்றவை. அவற்றிலுள்ள நாரும் சவ்வும் மெல்லக் கரைந்துதான் சூப்புக்கு அந்தக் கெட்டி வருகிறது. நல்ல தொடைக்கறியைப் போட்டால் சக்கையாகிவிடும், காசும் வீண்.

மூடியை அடிக்கடி திறக்கவே கூடாது. ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்ப இருபது நிமிடமாவது ஆகும். இதை அம்மாவிடம் சொல்லி வைத்தது தப்பாகப் போய்விட்டது. விடுமுறை நாளில் நான் சட்டிப் பக்கம் போனாலே, "தெறக்காத புள்ள!" என்று திண்ணையிலிருந்து அதட்டுகிறார்.

இரண்டு கிண்ணம் சாப்பிடுகிறார். ஆனாலும், "அந்தக் கடை ருசி வரல" என்கிறார். வரும் தைப்பூசத்துக்கு மறுநாள் மீண்டும் பினாங்குக்குப் போகிறோம். ரொட்டி பெங்காலி இரண்டு வாங்கிவரச் சொல்லி, பக்கத்து வீட்டு அக்கா இப்போதே காசு கொடுத்து வைத்திருக்கிறார்.