நாற்றுக்கு நாலு நாள், டீச்சருக்கு?

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் மூன்று நாலு நாளில் தண்ணீர் கல்லணையைத் தொட்டுவிடும். டெல்டாவில் பள்ளி திறப்பதும் அதையொட்டித்தான். திருவையாற்றுப் பக்கம் முதல் வேலைக்கு வரும் வெளியூர் டீச்சர், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலு நாளாக 'வரவில்லை' போடுவார். தலைமையாசிரியைக்கோ காரணம் உட்கார்ந்த இடத்திலேயே தெரியும்.

"அம்மாக்காரி நடவுக்குப் போயிருப்பா டீச்சர். இது தம்பியத் தூக்கி வச்சுக்கிட்டு வீட்ல இருக்கும். சாயங்காலம் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வாங்க."

பயிற்சிக் கையேட்டில் இது இருக்காது.

அதற்காகக் கையேடு வீண் என்றில்லை. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்புக்குள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். எழுத்துக் கூட்டுகிற பிள்ளையையும் கதை படிக்கிற பிள்ளையையும் ஒரே பாடவேளையில் எப்படிச் சமாளிப்பது? வட்டார வள மையத்தில் அட்டைகளைக் கையில் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லும்போதுதான் அது பிடிபடும். சிக்கல், திரும்பி வந்த மறுநாள் காலையில். பக்கத்தில் ஆள் இருக்காது. ஈராசிரியர் பள்ளியென்றால் இன்னொருவர் இரண்டு வகுப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

அப்படிப் பக்கத்தில் இருக்கத்தான் டெல்லி அரசு 2016-ல் சுமார் 200 ஆசிரியர்களை வழிகாட்டி ஆசிரியர்களாக்கி, ஆளுக்கு ஐந்தாறு பள்ளிகளைக் கொடுத்தது. அவர்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தார்கள், பிறகு ஆசிரியரோடு பேசினார்கள். அதிகாரியின் 'விசிட்' வேறு, இது வேறு.

பறித்து நட்ட நாற்று பச்சை பிடிக்கும்வரை நாலைந்து நாள் வெளிறித்தான் நிற்கும். அதுவரை மடையைப் பார்த்துக்கொள்ள வயலில் ஆள் உண்டு. புது டீச்சருக்கு இப்போதைக்கு அந்தத் தலைமையாசிரியைதான். அவருக்கும் அடுத்த வருஷம் ஓய்வு.