படியெடுத்தலும் பகிர்தலும்

ஒன்றைப் படியெடுப்பது எளிது. எடுத்த படிகளையெல்லாம் தேடித் திருத்துவது அரிது. பெங்களூருக்குப் படிக்க வந்த எனக்கு இதைக் கற்பித்தது வகுப்பறை அன்று. விடுதியின் உணவுக் கணக்கு.

சென்ற ஆண்டு அக்கணக்கு என் பொறுப்பில் வந்தது. லிப்ரெஆபீஸ் கால்க்கில் கட்டடத்துக்கு ஒரு கோப்பு. ஊருக்குப் போனவர்களுக்குக் கழிவு கணக்கிடும் மேக்ரோ ஒன்றே. ஆனால் முன்னிருந்தவர்கள் அதைக் கோப்புதோறும் படியெடுத்து வைத்திருந்தனர். மூன்று நாள் என்ற விதி இரண்டு நாள் என்று மாறியபோது சில படிகள் திருந்தின, சில திருந்தவில்லை. நோயுற்ற தந்தையைப் பார்க்க இரண்டு நாள் ஊர் சென்ற முதலாண்டு மாணவர் ஒருவர், உண்ணாத உணவுக்குப் பணம் கட்டியிருந்தார். அடுத்த கட்டடத்தவருக்கோ அதே இரண்டு நாளுக்குக் கழிவு கிடைத்திருந்தது! அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் கேட்க வாய் திறவாதவர் எத்தனை பேரோ?

இதற்கு மருந்து கால்க்கிலேயே இருக்கிறது. மேக்ரோக்களை மாட்யூல் என்னும் ஏடுகளில் எழுதலாம். ஏடுகள் சேர்ந்தால் லைப்ரரி. ஒரு லைப்ரரியின் ஏடுகள் ஒன்றையொன்று தாராளமாக அழைக்கும். ‘ஸ்டாண்டர்ட்’ லைப்ரரி தானே திறந்துகொள்ளும். மற்றவற்றை ‘லோட்லைப்ரரி’ என்ற கட்டளையால் எழுப்ப வேண்டும். ‘என் மேக்ரோக்கள்’ பகுதியில் லைப்ரரியை வைத்தால், அந்தக் கணினியில் திறக்கும் கோப்புகள் எல்லாம் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் கோப்பைப் பிறருக்கு அனுப்பினால் அது கூடப் போகாது. ஆகவே அதை ‘எக்ஸ்டென்ஷன்’ ஆக்கி, கணக்குப் பார்க்கும் மூன்று கணினிகளிலும் நிறுவினோம். இனித் திருத்தம் ஓரிடத்தில்தான். திருத்திய பதிப்பை மூன்றிலும் ஏற்றிவிட்டால் போதும்.

இவ்வெண்ணம் புதிதன்று. 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணிப்பொறிக்கே, காகித நாடாவில் துளையிட்ட துணைநிரல்களின் நூலகம் இருந்தது. நூலகம் என்றதும் நம் எஸ். ஆர். ரங்கநாதன் நினைவுக்கு வராமல் இருப்பாரா? சீர்காழிப் பகுதியில் பிறந்த அவர்தாம் 1962இல் இந்தப் பெங்களூரில் ஆவணப்படுத்தல் ஆய்வு பயிற்சி மையத்தை நிறுவினார். படிப்பவரின் காலம் வீணாகாமல் காப்பது நூலகத்தின் கடமை என்பது, 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்றின் கருத்து. மேக்ரோ நூலகத்துக்கும் அது பொருந்தும்.

நண்பர்களே, நாம் சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போகிறவர்கள். எழுதும் மேக்ரோவுக்குப் பொருள் விளங்கும் பெயர் வையுங்கள், அது என்ன செய்கிறது என்று தலைப்பில் இரண்டு வரி எழுதுங்கள், ஓரிடத்தில் வையுங்கள். நாம் போனபின் கணக்கு எழுத வருபவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.